தண்ணீர்க்காரியின் ஒரு வசனம்

ஜனவரி 8, புதன்

காலையில் சுவரைத் தள்ளிக்கொண்டு 'ஆ' சொன்னேன். பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொல்லிக்கொடுத்தது. இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி, சுவரை அடுத்த வீட்டுக்குள் தள்ளிவிடப் போவதுபோல் அழுத்திக்கொண்டே குரல் கொடுக்க வேண்டும். சுவர் நகரவில்லை. குரலும் அப்படித்தான். ஆனால் வெகுநாளாக இருந்த தோள்வலி போய்விட்டது. அதற்கு ஸ்தோத்திரம்.

உதாரணம் சொல்லாமல் எனக்கு எதையும் விளங்கவைக்கத் தெரியாது. தொண்டைக்குள் இருக்கும் குரல்நாண்கள் அலமாரியின் இரட்டைக் கதவு மாதிரி. பேசும்போது இரண்டும் வந்து மூட வேண்டும். போன ஆகஸ்டில் தைராய்டு கட்டியை எடுத்தபோது ஒரு கதவு திறந்தபடியே நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் காற்று ஓடிவிடுகிறது. அதனால் நான் பேசினால் பாதி காற்று, பாதி கரகரப்பு. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது. கட்டி கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்த அன்று நானும் மகள் பியூலாவும் ஆஸ்பத்திரி கேன்டீனில் ரவா தோசை சாப்பிட்டோம். அப்படி ஒரு ருசியை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

பியூலா மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். ஆபரேஷனுக்கு வந்து இருந்துவிட்டுப் போகும்போது, "குரல் வரலைன்னா சொல்லுங்கம்மா, வேலைய விட்டுட்டு வந்துருதேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். அதனால் நவம்பரில், குரல் பழையபடி வந்துவிட்டது என்று செய்தி அனுப்பினேன். அன்றிலிருந்து அவள் போன் செய்கிற நேரமெல்லாம் நான் குளித்துக்கொண்டிருக்கிறேன், அல்லது ஷூட்டிங்கில் இருக்கிறேன். போனில் மைக் கெட்டுவிட்டது என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். வீடியோவில் முகம் காட்டிக் கையசைப்பேன். மற்றதெல்லாம் எழுத்தில். அவள் வேலை கெடக்கூடாது. அவ்வளவுதான் காரணம்.

ஜனவரி 11, சனி

இன்று 'ஒன்பதாம் நிலா' மூன்றாம் பாகத்தின் ஷூட்டிங். பூந்தமல்லிப் பக்கம் ஒரு பெரிய கொட்டகைக்குள் விண்வெளி நிலையம் போட்டிருக்கிறார்கள். ப்ளைவுட்டும் தெர்மாகோலும் வெள்ளிப் பெயின்டும் சேர்ந்தால் ஒரு நட்சத்திர மண்டலமே வந்துவிடுகிறது.

ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எதிர்வீட்டு ஜமீலாவோடு வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அவள் துணை நடிகை. "கண்டிப்பான முகம், கூட்டத்துல நிக்கட்டும்" என்று யாரோ சொல்லி என்னையும் நிறுத்திவிட்டார்கள். முதல் பாகத்திலிருந்து நான் தண்ணீர்க்காரி. அந்த நிலையத்தில் தண்ணீர் பங்கீடு உண்டு. ஒரு ஜன்னலுக்குப் பின்னால் நின்று, வரிசையில் வரும் பயணிகளின் குடுவைகளில் ஊற்றுவேன். எனக்கு முன்னால் நின்று கதாநாயகன் பிரபஞ்சத்தைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுவார். நான் மங்கலாகத் தெரிவேன். ஜமீலாவுக்கு நெற்றியில் மூன்றாவது கண். மீன் விற்கிறாள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம். பின்னால் நிற்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுபோல் தெரிய வேண்டும், சத்தம் வரக்கூடாது. 'ஆக்‌ஷன்' என்றதும் நிலையத்துக் கடைவீதி முழுக்க உதடுகள் அசையும். ஒரு ஓசை இருக்காது. சிலர் வாய்ப்பாடு சொல்வார்கள். ஜமீலா தன் மச்சினனைத் திட்டுவாள். நான் பாடம் நடத்துவேன். ஆறாம் வகுப்பு அறிவியல். முன்பு இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தால் கோயிலுக்குள் நுழைந்த நிம்மதி. உலகத்தில் வேறெந்த இடத்தில் எல்லோரும் என்னைப்போலவே பேசுகிறார்கள்?

சாப்பாட்டு இடைவேளையில் ஜமீலா சொன்னாள்: "இன்னா டீச்சர், மூணாவது கண்ணு அரிக்குது. கொஞ்சம் ஊதி உடு."

ஊதிவிட்டேன். காற்றுக்குத்தான் என்னிடம் பஞ்சமில்லையே.

ஜனவரி 12, ஞாயிறு

கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாயசைத்தேன். ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் நின்ற அம்மாள், "நல்லாப் பாடுனீங்க" என்றார். நன்றி சொல்வதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

ஜனவரி 24, வெள்ளி

வேலை போய்விடும்போல் இருக்கிறது.

காது கேளாத பிள்ளைகள் சிலர் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறார்கள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார்கள். தீபாவளிக்கு வந்த இரண்டாம் பாகத்தில், சாயங்காலத்துக்குள் நிலா வெடித்துச் சிதறிவிடும் என்று தளபதி கதாநாயகனிடம் சொல்கிற கட்டம் உண்டு. பின்னால் நான். அந்தப் பிள்ளைகள் என் முகத்தைப் பெரிதாக்கி, அடியில் எழுத்துப் போட்டிருக்கிறார்கள்:

"ஆவியாதல் என்றால் என்ன? கொடியில் ஈரத்துணி காய்கிறதே, அதுதான் உதாரணம். கனகராஜ், ஜன்னலுக்கு வெளியே என்ன வேடிக்கை?"

லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். எனக்குத் 'தண்ணி டீச்சர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜமீலா போனை என்னிடம் காட்டிவிட்டு, சிரிப்பு தாங்காமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னுதயும் படிச்சிருப்பாங்களா டீச்சர்? நான் அந்த ஆளத் திட்டனது வெளிய வந்துதுன்னா என் தங்கச்சி குடும்பம் காலி."

உதவி இயக்குநர் நிரஞ்சன் மூன்று முறை போன் செய்தான். எடுக்கவில்லை. கடைசியில் செய்தி அனுப்பினான்: திங்கட்கிழமை டைரக்டர் பார்க்க வேண்டும் என்கிறார்.

ஜனவரி 27, திங்கள்

திட்டுவார் என்று தயாராகத்தான் ஜமீலாவோடு போனேன். டைரக்டர் என்னைக் கண்டதும் கும்பிட்டார்.

"ஏன் மேடம், நிலா வெடிக்கப்போவுதுன்னு அவர் கத்திட்டிருக்காரு. நீங்க துணி காயப்போடறீங்க. அந்தக் கனகராஜ் யாரு?"

சிரித்து வைத்தேன். கனகராஜ் இப்போது மின்வாரியத்தில் இருக்கிறான். நல்ல பையன். அதைச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

"உங்களுக்காக ஒரு வசனம் எழுதிருக்கேன். நிலையத்தைக் காலி பண்ற சீன். தண்ணி தீரப்போவுது, வரிசை நீளமா நிக்குது, எல்லாரும் பயந்துபோயிருக்காங்க. அப்ப நீங்க சொல்றீங்க: 'இருக்கறது இவ்ளோதான். ஆனா, எல்லாருக்கும் உண்டு.' படத்துலயே முக்கியமான இடம். பண்றீங்களா?"

எல்லோரும் கைதட்டினார்கள். ஜமீலா மட்டும் தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. அறையில் ஏசி அதிகம்.

பஸ்ஸில் ஜமீலா, "இன்னாத்துக்கு ஒத்துக்கினே?" என்று கேட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வருவதற்குள் அவளே பியூலாவுக்குச் செய்தி சொல்லியிருக்கிறாள். கேள்வி கேட்டவளுக்கும் பெருமை தாங்கவில்லை. பியூலாவிடமிருந்து வரிசையாக ஆச்சரியக்குறிகள். கடைசியில்: "போன்லதான் உங்களப் புடிக்க முடியல. தியேட்டர்லயாவது உங்க குரலக் கேப்பேன்."

பிப்ரவரி 3, திங்கள்

குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். ஒரே மூச்சில் வரவில்லை. குழாயை மூடிவிட்டுச் சொன்னபோதும் வரவில்லை. பிறகு பாசிப்பயறு வறுத்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

முடிந்தது. முதல்முறையாக கேமரா எனக்கு முன்னால் வந்து நின்றது. இத்தனை வருடம் தூரத்தில் இருந்தே பார்த்த மிருகத்தை மூக்கருகில் பார்த்த மாதிரி. என் நரைமுடியை ஒழுங்குபடுத்த ஒரு பெண், முகத்தில் வெளிச்சம் அளக்க ஒருவர். இந்த வயதில் இத்தனை கவனிப்பா என்று கண் கலங்கிவிட்டது. அழுத கண்ணும் நன்றாக இருக்கிறது என்று அப்படியே எடுத்தார்கள்.

வசனத்தைச் சொன்னேன். "இருக்கறது... இவ்ளோதான்... ஆனா... எல்லாருக்கும்... உண்டு."

ஹெட்போன் போட்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நிரஞ்சன் ஓடிவந்தான்.

"தொண்டை கட்டிருக்கா மேடம்? ஒண்ணும் கவலப்படாதீங்க. இங்க எடுக்கற சத்தம் படத்துல வராது. டப்பிங்ல வல்லிம்மா பேசிடுவாங்க. உதடு அசஞ்சாப் போதும்."

இவ்வளவு எளிதாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. என் முகத்துக்கு வேறொருவர் குரல். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பியூலாவுக்கும். தலைக்குமேல் இருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

"எப்படிப் பேசுனீங்க?" என்று பியூலா கேட்டிருந்தாள். "நன்றாகப் பேசினேன்" என்று எழுதினேன். இரவு சாப்பிடவில்லை. மதியப் பிரியாணி கனம்.

மார்ச் 19, புதன்

டாக்டர் சிறிய கேமராவைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். அந்தக் கதவு இனி அசையாது என்றார். நல்ல மனிதர். எனக்குப் புரிகிற வரைக்கும் பொறுமையாகச் சொன்னார். இனி இதுதான் என் குரல்.

வரும் வழியில் நல்ல மாவடு கிடைத்தது. ஜமீலாவுக்கும் சேர்த்து வாங்கினேன். கொசுவலைக்கு ஆள் வந்து அளவெடுத்துப் போனான். தலையணை உறைகளைத் துவைத்தேன். மறுபடியும் ஒருமுறை துவைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

சுவரைத் தள்ளவில்லை.

ஏப்ரல் 23, புதன்

வல்லிம்மா என்னை வரச்சொன்னார். சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டர். தடித்த கதவு, கம்பளம் ஒட்டிய சுவர், ஒரு திரை, ஒரு மைக். வல்லிம்மா என் வயதுக்காரர்தான். மடியில் ஃப்ளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டீச்சர். ராணிக்குப் பேசிருக்கேன், பேய்க்குப் பேசிருக்கேன், தொட்டில்ல கெடக்கற குழந்தைக்கு அழுதிருக்கேன். உங்ககிட்டதான் மாட்டிக்கிட்டேன்."

திரையில் என்னை ஓட்டிக் காட்டினார். நான் அழுத கண்ணோடு குடுவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"ஒரே வரி. அதுல நாலு எடத்துல வாய் மூடுது. நானும் மூடணும். ஆனா தெளிவான குரல்ல அங்கங்க நிறுத்தினா வசனம் மறந்துபோன மாதிரி கேக்குது. நேத்து முழுக்கப் போராடிட்டேன். ஒருவாட்டி நேர்ல பேசிக் காட்டுங்க."

கைப்பையிலிருந்து குறிப்புத்தாளை எடுத்தேன்.

"எழுதினா மூச்சு தெரியாது டீச்சர்."

பேசினேன். எதிரொலியே இல்லாத அந்த அறையில் என் குரலுக்கு ஒளிய இடமில்லை. அன்றைய ஷூட்டிங்கை விட்டால், ஜமீலாவையும் டாக்டரையும் பயிற்சி தரும் பெண்ணையும் தவிர வேறு யாரிடமும் நான் இப்படி முழு வாக்கியம் பேசியதில்லை. வல்லிம்மா கண்ணை மூடிக்கொண்டார். இரக்கப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னொரு தடவ" என்றார். அதற்குப் பிறகும் இன்னொரு தடவை. தையல்காரர் அளவெடுப்பதுபோல் கேட்டார். என் மனது மெல்ல அடங்கியது.

பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளரிடம், "இவங்க குரலையே வச்சா என்ன தம்பி?" என்று கேட்டார். பதிவுசெய்து பார்த்தார்கள். அந்தப் பிள்ளை உண்மையைச் சொன்னான்: "காத்துதாம்மா வருது. பின்னால வெடிச்சத்தம், ஓட்டம், அலறல் எல்லாம் இருக்கு. அமுங்கிடும்."

எனக்கு வருத்தமில்லை. கேட்டார்களே.

வல்லிம்மா என் பக்கம் திரும்பினார். "நிறுத்தற எடத்துக்கு ஒரு காரணம் வேணும். காரணம் கெடச்சுதுன்னா நான் பேசிடுவேன். நீங்க க்ளாஸ்ல பாடம் எடுக்கும்போது நடுவுல எதுக்கு நிறுத்துவீங்க?"

"பிள்ளைங்க... முகத்த... பாக்க."

"எதுக்கு?"

"புரிஞ்சுதான்னு. பின் பெஞ்சு... வரைக்கும்."

தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "அவ்ளோதான்! வரிசைல நிக்கற ஒவ்வொரு முகமாப் பாக்கறீங்க. ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது. தம்பி, ஓட்டுப்பா!"

மைக் முன்னால் நின்று பேசினார். "இருக்கறது" என்று சொல்லி ஒரு முகம். "இவ்ளோதான்" என்று சொல்லி இன்னொன்று. ஒரே தடவையில் முடிந்தது. நான் வகுப்பில் பேசினதுபோலவே இருந்தது. குரல் என்னுடையதைவிட இனிமை. ஆனால் அந்த நிறுத்தங்கள் எல்லாம் என்னுடையவை. இத்தனை மாதமாக ஓட்டை என்று நினைத்திருந்த இடத்தில் அந்த அம்மாள் ஆட்களை நிறுத்திவிட்டார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஃப்ளாஸ்க்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"பிள்ளைங்க இருக்காங்களா?"

"மக. மஸ்கட்."

"படம் பாப்பாளா?"

தலையாட்டினேன்.

"நீங்க பேசினதுன்னு நெனச்சுப்பாளா?"

பஸ் வந்துவிடும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். வெளியே வந்து பார்த்தால் பஸ் நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை. அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் நின்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

பியூலாவுக்குப் பதவி உயர்வு. வீடியோவில் கேக் வெட்டினாள். நான் இங்கிருந்து கைதட்டினேன். "ஒரு வார்த்த வாழ்த்துங்கம்மா, இன்னும் மைக்க சரி பண்ணலியா?" என்றாள். பெரிய எழுத்தில் 'கர்த்தர் ஆசீர்வதிப்பார்' என்று எழுதித் தூக்கிக் காட்டினேன். அவள் அதைப் படித்துவிட்டு, கையில் கேக்கோடு அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நெட்வொர்க் சரியில்லை போலும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

படம் வெளியானது. நானும் ஜமீலாவும் வடபழனியில் பார்த்தோம். என் முகம் வந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று, "தண்ணி டீச்சர்!" என்று விசிலடித்தார்கள். வசனம் வந்தபோது அத்தனை பேரும் அமைதியானார்கள். 'எல்லாருக்கும்' என்ற சொல்லுக்குப் பிறகு உள்ள இடைவெளியில் அரங்கம் முழுக்கக் காத்திருந்தது. 'உண்டு' என்றதும் கைதட்டல்.

ஜமீலா என் காதருகே, "யார் கொரலா இருந்தா இன்னா, மூஞ்சி உன்னுது" என்றாள். அவளுக்கு இந்தப் பாகத்தில் மூன்றாவது கண் சரியாகத் தெரியவே இல்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. இப்படி ஒரு எதிர்வீடு கிடைத்ததற்கு என்ன செய்தேன்?

பியூலா நாளைக்குப் பார்க்கிறாளாம். கேட்டால் சந்தோஷப்படுவாள். பழைய குரல் என்றே நினைத்துக்கொள்ளட்டும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது பியூலா போன் செய்தாள். வழக்கம்போல் அடித்து ஓயட்டும் என்று விட்டேன். பிறகு செய்தி வந்தது.

"யம்மா, படம் பாத்தாச்சு. பேசுனது யாரு?"

"நான்தான்" என்று எழுதினேன்.

"இல்ல."

அடுத்த செய்தி வருவதற்குள் தோசை கருகிவிட்டது.

"நிறுத்துத எடமெல்லாம் நீங்கதான். உங்க க்ளாஸ்ல ஒக்காந்து படிச்சவ நான், எனக்குத் தெரியாதா? ஆனா கொரல் நீங்க இல்ல. எவ்ளோ நல்லாப் பேசுனாலும் அது நீங்க இல்லம்மா."

அடுப்பை அணைத்தேன். லட்சம் பேர் கைதட்டிய குரலை, என் மகள் ஒருத்தி இது இல்லை என்று தள்ளிவிட்டாள். அந்தப் பழைய குரல் எங்கும் போய்விடவில்லை. மஸ்கட்டில் அவள் காதுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

மறுபடி போன் அடித்தது. எடுத்தேன்.

"பிள்ளே" என்றேன். காற்றும் கரகரப்புமாகத்தான் போனது.



"யம்மா?"

"நான்தான்... பியூலா. இப்போ... இதுதான்."

"எப்ப இருந்து?"

"அப்ப... இருந்தே."

"நவம்பர்ல வந்துட்டுன்னு எழுதுனீங்களே!"

"நீ... வேலைய... விட்டுருவன்னு..."

அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு கோபப்பட்டாள். "வேலைய விட்டு வந்து நான் என்ன செய்யப்போறேன்? உங்களுக்குப் பதிலா நானா பேச முடியும்? அன்னைக்கு ஏதோ ஒரு வேகத்துல சொன்னேன். அதப் புடிச்சுக்கிட்டு இத்தன மாசமா என்னய இப்படி அலைக்கழிச்சிருக்கீங்க. தொண்டைல மறுபடி கட்டி வந்து, என்கிட்ட மறைக்கீங்கன்னு நெனச்சு நான் தூங்கல, தெரியுமா? கிறிஸ்மஸுக்கு லீவு போட்டிருக்கேன், நேர்ல வந்து கேக்கணும்னு."

அவள் தூங்காமல் இருப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வேலை கெடும் என்று மட்டும்தான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இதுவரை இங்கே எழுதியும் வந்திருக்கிறேன்.

"கேக்க... நல்லா... இருக்காது... பிள்ளே."

"நல்லாத்தான் இல்ல. டயர் பஞ்சரான மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன். என் சிரிப்புக்கும் இப்போது காற்றுச் சத்தம்தான். அதைக் கேட்டு அவளும் சிரித்தாள்.

"பேசுங்கம்மா. என்னமாவது சொல்லுங்க. நான் கேக்கேன்."

பேசினேன். தோசை கருகியதைச் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வல்லிம்மாவின் சுக்குக் காப்பி, ஜமீலாவின் மச்சினன், கொசுவலை எல்லாம். அவசரக்காரி அவள். சின்ன வயதில் நான் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். இன்று நான் மூச்சு வாங்க நின்ற ஒவ்வொரு இடத்திலும் அவளும் நின்றாள். ஒருமுறைகூட என் வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை.

வைக்கும்போது, "சாயங்காலம் மறுபடி கூப்புடுவேன். எடுக்கணும்" என்றாள்.

தொண்டை எரிகிறது. வெந்நீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு பேசி ஒரு வருடம் ஆகிறது. எரியட்டும். இதற்கும் ஸ்தோத்திரம்.

போன் அடிக்கிறது.